மூணாம் நாள் தண்ணி ஊத்துங்க

போன மாதம் செல்வி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடம் என்னோடு வேலை பார்த்த நர்ஸ். இப்போது மதுரையில் ஒரு தோல் கிளினிக்கில் இருக்கிறாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, டாக்டர் இங்கிலீஷ்ல குடுத்ததத் தமிழ்ல போட்டிருக்கோம். அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி நீங்க ஒருதரம் பாத்துருங்க."

முகத்தின் மேல்தோலை மருந்து வைத்து உரிக்கும் சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று பதினோரு வரிகள். இந்தச் சிகிச்சைக்கு இப்போது பீலிங் என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்று செய்துகொள்கிறார்களாம். ஆறாவது வரியில், 'மூன்றாம் நாள் முகத்துக்குத் தண்ணீர் ஊற்றவும்' என்று இருந்தது. 'ஊற்றவும்' என்பதை அடித்துவிட்டு 'நனைக்கவும்' என்று எழுதினேன்.

"ரெண்டும் ஒண்ணுதானக்கா?" என்றாள்.

ஒன்றல்ல. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை. பழைய டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். டைரியில் இருப்பதை டைரியில் இருப்பதாகவும், நினைவில் மட்டும் இருப்பதை நினைவாகவும் சொல்ல முயல்கிறேன்.

நான் நர்ஸ் படிப்பு படித்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். மூன்று வருடம். படுக்கை விரிக்கவும், ஊசியை வேக வைக்கவும், பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருக்கவும் கற்றுக்கொண்டேன். படிப்பு முடிந்ததும், ஐம்பதுகளின் பின்பாதியில், விருதுநகரில் ஒரு தனியார் தோல் கிளினிக்கில் சேர்ந்தேன். பருத்திப் பேட்டைக்குப் பின்னால் இருந்த தெருவில், ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான். அவ்வளவுதான் ஆட்கள்.

அந்தக் காலத்தில் தோல் ஆஸ்பத்திரி என்றால் சனங்களுக்கு இரண்டு நோய்தான் ஞாபகம் வரும். ஒன்று பெருநோய். இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் முன்வாசல் வழியாக எவரும் வரமாட்டார்கள். பின்பக்கச் சந்தில் பருத்தி வண்டிகள் நிற்கும். வண்டிகளுக்கு இடையில் புகுந்து வருவார்கள். முன்வாசல் பூட்டு திறக்க ஆளில்லாமல் துருவேறி, ஒரு வருடம் அதை உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று.

நானும் அந்தச் சந்து வழியாகத்தான் போய்வந்தேன். வாடகைக்கு இருந்த வீட்டில், நான் தொட்ட குழாயை அடுத்து வருகிறவர்கள் சாம்பல் போட்டுத் துலக்கிவிட்டுத் தண்ணீர் பிடிப்பார்கள். சர்ச்சில் என் பெஞ்சில் இடம் இருக்கும். ரஞ்சிதம் டீச்சர் என்று ஒரே ஒரு சிநேகிதி. அவள் வீட்டில் எனக்கு எப்போதும் ஒரே தம்ளரில்தான் காப்பி வரும். அடிப்பக்கம் நசுங்கிய தம்ளர். அது எனக்காகத் தனியே வைத்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. தெரிந்த பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தேன். கல்யாணப் பேச்சு மூன்று முறை வந்து, எங்கே வேலை என்று விசாரித்த பிறகு நின்றது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

டாக்டர் வெளியூர்க்காரர். சென்னையில் படித்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். எந்த நோயாளி வந்தாலும் முதலில் கையுறை இல்லாமல், வெறும் விரலால் அவர்கள் முகத்தைத் தொடுவார். தொட்டுப் பார்த்து முடித்த பிறகுதான் கையைக் கழுவி உறை மாட்டுவார். ஏன் என்று கேட்டதற்கு, "இவங்களை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க, சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

அமிலம் வைத்துத் தோல் உரிப்பதை நான் முதலில் பார்த்த நாளை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். கன்னத்தில் மங்கு விழுந்த ஓர் அம்மா. ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பெண். படுக்க வைத்து, கண்ணின் மேல் ஈரப் பஞ்சு வைத்து, மூக்கோரத்திலும் உதட்டோரத்திலும் வாசலைன் தடவினேன். அவர் பயந்து என் கையைப் பிடித்தார்.

"ஒண்ணும் வலிக்காதுக்கா" என்றேன்.

டாக்டர் கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டார். "சிஸ்டர், நீங்க இதைப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்லை டாக்டர்."

"கையைக் காட்டுங்க."

தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, அமிலத்தில் தொட்டு, என் முன்கையில் ஒரு பொட்டு வைத்தார். வைத்துவிட்டு வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஆறு எண்ணும்போது எரிச்சல் தொடங்கியது. இருபதில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த இடம் உப்புப் பூத்த சுவர் போல வெள்ளையாயிற்று. நாற்பதைத் தாண்டியதும் குறைந்தது.

"எவ்வளவு நேரம் எரிஞ்சது?"

"நாப்பது வரைக்கும், டாக்டர்."

"அதை அவங்ககிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மா என் கையை விடவில்லை. ஆனால் நான் எண்ண எண்ண அவரும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பத்தெட்டில் சிரித்துவிட்டு, "இன்னும் ரெண்டுதானம்மா?" என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் வலிக்காது என்று நான் சொன்னதில்லை.

வெள்ளை பூத்த இடம் மறுநாள் பழுப்பாகும். மூன்றாம் நாள் காய்ந்து வெடிக்கும். ஒரு வாரத்தில் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து விழும். தானாக விழ வேண்டும். கையால் உரித்தால் தழும்பு. வெயில் பட்டால் கறுப்பு. ஆகவே சிகிச்சையில் பாதி வேலை கிளினிக்கில், மீதிப் பாதி வீட்டில். அந்த இரண்டாவது பாதிக்கான பேச்சு என்னுடையது. டாக்டர் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்வார். நான் அதை இந்த ஊர் ஆட்களுக்குப் புரிகிற பேச்சில் சொல்வேன். எந்த வார்த்தையை யாரிடம் சொன்னால் எடுபடும் என்று குறித்து வைத்து, திருத்தித் திருத்தி, மனப்பாடமாக வைத்திருந்தேன். வேறு எதிலும் இல்லாத பெருமை எனக்கு அதில் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில், தீபாவளி முடிந்த மறுவாரம் வேலுத்தாய் வந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். வெடிக் கம்பெனியில் வேலை. சீசன் முடிந்து கம்பெனிகள் மூடியிருந்த சமயம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலைத்துண்டால் முகத்தின் இடப்பக்கத்தை மூடியிருந்தாள். எடுக்கச் சொன்னோம். நெற்றியின் இடதுபாதியிலிருந்து தாடை வரை நீலமும் கறுப்புமாகப் புள்ளிகள். கடுகும் எள்ளும் கலந்து வீசினது போல. வெடித்தபோது மருந்துத் துகள் தோலுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துக்கும் அதுதான் பெயர்.

டாக்டர் விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "எத்தனை வருஷம் ஆச்சு?"

"மூணு, அய்யா."

"பட்ட அன்னிக்கே தேய்ச்சுக் கழுவியிருந்தா எல்லாம் வந்திருக்கும். இப்ப ஆழத்துல இருக்கு. மூணு வருஷம் இருந்துட்டு இப்ப யாருக்காக எடுக்கணும்?"

எல்லாரிடமும் அவர் கேட்கும் கேள்விதான். பதில் சரியாக இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"எங்க அம்மா கண்ணுக்கு, அய்யா" என்றாள் வேலுத்தாய்.

பிறகு அவளே சொன்னாள். அவளும் தங்கை சின்னத்தாயும் ஒரே கொட்டகையில் மருந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். தங்கை என்னவோ சொல்லிக் கூப்பிட்டாள். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிய நேரத்தில் வெடித்தது. தங்கை இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

"அதுல இருந்து எங்கம்மா எம் மொகத்தப் பாக்குறது இல்ல. கோவம் இல்லய்யா. சோறு போடுவா, வட்டிலப் பாத்துப் போடுவா. பேசுவா, செவத்தப் பாத்துப் பேசுவா. அவ மேல வெடிச்ச மருந்துதான எம் மொகத்துல இருக்கு. என்னயப் பாத்தா அவளப் பாக்குற மாதிரி இருக்கும்போல. ஒரே வீட்டுல மூணு வருசமா ரெண்டு பேரு இருக்கோம், எம் மொகத்த ஒருத்தரும் பாக்குறதில்ல."

டாக்டர் அந்தப் புள்ளிகளை மறுபடி விரலால் அழுத்திப் பார்த்தார். "எல்லாம் போகாது. பாதிக்கு மேல போகலாம். அந்த இடம் கறுத்துப் போனாலும் போகும். சிலருக்கு அந்தக் கறுப்பு மாறவே மாறாது."

"பொட்டுப் பொட்டா இல்லாமப் போனாச் சரிய்யா. கறுக்குறதுக்கு என்ன, நான் என்ன செவப்பாவா இருக்கேன்?"

டாக்டர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார்.

ஆழத்தில் இருக்கும் துகளுக்கு அமிலம் போதாது. அதற்கு உப்புத்தாள். தச்சர்கள் மரத்தை இழைத்த பிறகு தேய்ப்பார்களே, அதேதான். தண்ணீரில் கரையாத கறுப்புத் தாளாக இரும்புக்கடையில் நானே வாங்கி வருவேன். "என்ன நர்ஸம்மா, டாக்டர் வீட்டுல கட்டிலா செய்றாக?" என்று கடைக்காரர் கேட்பார். ஆமாம் என்பேன். இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, கழுவி, துணியில் பொதிந்து ஆவியில் வேகவைத்து, பாண்டேஜ் சுருளின்மேல் இறுக்கச் சுற்றி வைக்க வேண்டும்.

முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் தேய்த்துப் பார்த்து, நான்கு வாரம் பொறுத்தோம். தழும்பு தடிக்கவில்லை. மார்கழி பிறந்ததும் நாள் குறித்தோம். வெயில் தாழ்ந்திருக்கும் மாதத்தில் மட்டும்தான் டாக்டர் இதைச் செய்வார்.

அன்று காலை அவள் முகத்தைக் காகிதத்தில் வரைந்து, ஒவ்வொரு புள்ளியையும் இடம் பார்த்துக் குறித்தேன். அறுபத்தொன்று. மரத்துப்போகும் ஊசியைப் போட்டோம். தோலை நான் இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். டாக்டர் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். மேல்தோல் போனதும் வெளிர்ச் சிவப்பாகத் தெரியும். அதற்கும் கீழே ஊசிமுனை ஊசிமுனையாக ரத்தம் துளிர்க்கும். அந்த இடம்தான் எல்லை. அங்கே கை நிற்க வேண்டும், தாண்டினால் தழும்பு. ஆழத்தில் இருந்த துகள்களை ஊசி நுனியால் நெம்பி எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தார். கடைசியில் உப்புநீர் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தாளில் இருக்கும் மணல் புண்ணில் தங்கிக் கட்டியாகிவிடும்.

"தச்சாசாரி வேலை முடிஞ்சுதா?" என்று வேலுத்தாய் அசையாத உதட்டால் கேட்டாள். "வார்னீசு எப்ப அடிப்பீக?"

வாசலைன் தடவிய மெல்லிய துணியை வைத்துக் கட்டினேன். இதுவரை எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

அம்மா குருவம்மாள் வெளியே பெஞ்சில் இருந்தார். வெடவெடவென்று மெலிந்த உடம்பு. மகள் மருந்து போடப் போகிறாள் என்ற அளவுக்குத்தான் அவருக்குத் தெரியும். கட்டுப்போட்ட முகத்தோடு மகள் வந்ததும் தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார். நான் என் மனப்பாடத்தை ஆரம்பித்தேன். அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெளியாள் யாரையும் அண்ட விடாதீக. வெயில்ல அனுப்பாதீக. வீட்டுல தாளிக்க வேண்டாம், புகை ஆகாது. குளுந்த ஆகாரமாக் குடுங்க. அரிக்கும், காய்ச்சல் காயும், பயப்படாதீக. அவ கை மொகத்துக்குப் போகாமப் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடுங்க. பொக்கு தானா உதிரணும். மூணாம் நாள் தண்ணி ஊத்துங்க."

குருவம்மாள் அப்போது என்னை நேராகப் பார்த்தார். இரண்டு கன்னத்திலும் மெல்லப் போட்டுக்கொண்டார். கவலையில் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"எத்தன தண்ணி, தாயி?"

"மூணு ஊத்துனாப் போதும்."

ஒட்டிய துணி நனைந்து கழன்று வர மூன்று செம்பு போதும் என்ற அர்த்தத்தில் சொன்னேன். டாக்டர் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்கு நான் கண்டுபிடித்திருந்த தமிழ் அது. அதற்கு முன் உப்புத்தாள் போட்ட ஐந்து பேரும் டவுன் ஆண்கள். ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஐந்தாம் நாள் கட்டு மாற்ற வரச் சொல்லியிருந்தும் அவர்கள் வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சுக்குப் போகாமல் சிவகாசி பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கி ஒரு மைல் கரிசல் காட்டில் நடந்தேன். தெருமுனையில் வீடு கேட்டதும், சாணி தட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வழியை மறித்தாள்.

"அங்கன போகாதீக. அந்த வீட்டுல ஆத்தா வந்திருக்கா."

வாசல் நிலையில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. உண்மையிலேயே பெரியம்மையோ என்றுதான் முதலில் பயந்தேன். நான் அம்மை குத்திக்கொண்டவள், அதனால் போனேன். குருவம்மாள் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க தாயி. நீங்க சொன்னபடிதான் எல்லாம் நடக்கு. மொதத் தண்ணி ஊத்தியாச்சு. ரெண்டாந் தண்ணி நாளைக்கு."

"நான் என்ன சொன்னேன்?"

"பேரச் சொல்லாமச் சொன்னீகள்ல. எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. வேதக்காரப் புள்ள, நம்ம ஆத்தா பேர எம்புட்டுப் பதனமா வாய்க்குள்ளயே வச்சுப் பேசுதுன்னு பஸ்ஸுல நெனச்சுக்கிட்டே வந்தேன். வழக்கமா மாசி பங்குனிதான், இந்த வருசம் மார்கழியிலயே வந்துட்டா."

நான் வாசலில் நின்று என் வரிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வெளியாள் அண்டக் கூடாது. தாளிக்கக் கூடாது. குளிர்ந்த ஆகாரம். காய்ச்சல். பொக்கு தானாக உதிர வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவும் மூன்று தண்ணீர். அம்மை கண்ட வீட்டில் பெரியவர்கள் சொல்கிற வார்த்தைகளில் ஒன்றுகூடக் குறையாமல் நான் சொல்லியிருந்தேன். அந்த நோயின் பெயரை அந்த வீடுகளில் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. மாற்றி எடுத்துக்கொள்ள நான் ஓர் இடைவெளிகூட விட்டிருக்கவில்லை. என் தகப்பனார் வீட்டில் வேப்பங்கொத்து செருகும் வழக்கமில்லை. 'தண்ணி ஊத்துவது' என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இன்னோர் அர்த்தம் உண்டு, அம்மை இறங்கினவர் தலைக்கு வீட்டார் ஊற்றுகிற தண்ணீர் அது, என்று எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது அது நினைவுக்கு வரவில்லை.

"தீட்டு இல்லேல்ல?" என்று கேட்டார் குருவம்மாள்.

"இல்ல."

"அப்ப வாங்க."

வேலுத்தாய் பாயில் படுத்திருந்தாள். என் கட்டு முழுவதும் எடுத்தாகிவிட்டது. முகத்தின்மேல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த பற்று. அதற்குக் கீழே பொக்கு, காய்ந்த புண்தோல். முதல் தண்ணீரை முற்றத்தில், உச்சி வெயிலில், கிழக்கே பார்த்து உட்கார வைத்து ஊற்றியிருக்கிறார்கள். புதுத்தோலில் மஞ்சளும் வெயிலும். எந்த இரண்டு படவே கூடாதோ அந்த இரண்டும்.

குருவம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் வைத்து, வேப்பங்குழையால் வீசினார். குனிந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈ ஒன்று வந்தது, ஓட்டினார். மகள் புருவத்தைச் சுளித்ததும், "அரிக்குதாத்தா? இங்கனயா?" என்று குழை நுனியால் அந்த இடத்தை வருடினார். மறுபடியும் பார்த்தார்.

என் பையில் உப்புநீர் இருந்தது, துணி இருந்தது. இது அம்மை இல்லை என்று சொல்லி, பற்றைக் கழுவி, கட்டுப்போட வேண்டும். அதுதான் என் வேலை. வாயைத் திறந்தேன். எனக்குக் கூழ் கரைத்து வருவதாகக் குருவம்மாள் எழுந்து போனார்.

வேலுத்தாய் என் சேலை நுனியைப் பிடித்தாள். "சொல்லிறாதீக."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? தேய்ச்சது எம் மொகத்தத்தான?" குரலைத் தாழ்த்தினாள். "ஏழு நாளா எம் மொகத்துல இருந்து கண்ண எடுக்கலக்கா. ஆத்தா இருக்கான்னு பாக்கா. பாத்துட்டுப் போகட்டும். இன்னும் ரெண்டு தண்ணி இருக்கு. ஊத்திக்கிடுதேன்."

"கறுத்துப் போயிரும், வேலுத்தாயி. அப்புறம் மாறாது."

"கறுக்கட்டும்."

குருவம்மாள் கூழோடு வந்தார். அடுத்து நான் சொன்னது டைரியில் இல்லை. ஆனால் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

"அம்மா, அடுத்த தண்ணி ரெண்டையும் நெழல்ல வச்சு ஊத்துங்க."

"வெயில்ல காஞ்ச தண்ணில்ல ஊத்தணும்?"

"தண்ணி வெயில்ல இருக்கட்டும். ஆளு நெழல்ல இருக்கட்டும். மஞ்சளத் தலைக்கும் காலுக்கும் பூசுங்க. மொகத்துல பூசாதீக."

"ஏன் தாயி?"

வேறு வழி தெரியவில்லை. "மொகத்துல அவ இருக்கா. நம்ம கை அங்க படக் கூடாது" என்றேன்.

குருவம்மாள் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். உப்புநீர்ப் புட்டியைத் தீர்த்தம் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதைப் பஞ்சில் நனைத்து மஞ்சளை நானே துடைத்து எடுத்தேன். பற்றுக்குக் கீழே சீழ் இல்லை. எனக்குக் கொடுத்த கூழ்க் கிண்ணம் அவர்கள் வீட்டு அடுக்கிலிருந்து எடுத்தது; குடித்து முடித்ததும் வாங்கி, சும்மா கழுவி, அதே அடுக்கில் வைத்தார்.

அன்றைய டைரிக் குறிப்பு: 'வெ.கோட்டை சென்று வந்தேன். காயம் சுத்தம். சீழ் இல்லை. திரும்பும் பஸ் நாற்பது நிமிடம் தாமதம்.'

மறுநாள் காலை டாக்டரிடம் சொன்னேன். என் சொல்லால் வந்த தவறு என்பதை முதலில் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நான் சொன்னது இங்கிலீஷ். அது இந்த அறைக்கு வெளியே போகாது, சிஸ்டர். உங்க சொல்தான் அவங்க வீடு வரைக்கும் போகுது."

"ஆமா, டாக்டர்."

"அது அம்மை இல்லைன்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"இன்னும் ரெண்டு தண்ணி இருந்தது, டாக்டர்."

துண்டை எடுத்துக் கை துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். என்ன புரிந்ததோ தெரியாது. மேசைக்குப் போய்க் கேஸ் தாளில் அவரே எழுதினார். நான் எழுதும் தாள் அது; அன்று என்னிடம் கேட்கவில்லை. அந்தத் தாளில் என்ன எழுதினார் என்று நான் போய்ப் பார்க்கவுமில்லை. அன்று மாலை என் மனப்பாடத்தில் 'ஊத்துங்க' என்பதை எடுத்துவிட்டு 'நனைங்க' என்று போட்டேன். தாளிப்பு, வெளியாள், குளிர்ந்த ஆகாரம் எல்லாவற்றுக்கும் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். பேச்சு இரண்டு மடங்கு நீளமாயிற்று.

மாசி மாதம் இருவரும் வந்தார்கள், பின்பக்கச் சந்து வழியாக. வேலுத்தாய் துண்டு போட்டிருக்கவில்லை. கன்னத்து எலும்புக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. அது என் சொல் விழுந்த இடம். ஆனால் புள்ளிகள் பெரும்பாலும் போயிருந்தன. விளக்கடியில் உட்கார வைத்து, பழைய படத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன்.

"பதினாலு பாக்கி, டாக்டர்."

"பதினஞ்சு" என்றார் குருவம்மாள்.

நான் திரும்பவும் எண்ணினேன். பதினான்கு. குருவம்மாள் எழுந்து வந்து மகளின் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். "இந்தா, புருவ மயித்துக்குள்ள ஒண்ணு. முடிய வெலக்கிப் பாருங்க."

விலக்கிப் பார்த்தேன். இருந்தது. என் பழைய படத்திலும் அது இல்லை. அப்படியானால் தொடக்கத்திலேயே அறுபத்திரண்டு இருந்திருக்கிறது. இரண்டு எண்ணையும் அடித்துத் திருத்தினேன்.

மீதியை அடுத்த மார்கழியில் எடுக்கலாம் என்றார் டாக்டர். வேலுத்தாய் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தார்.

"வேண்டாம்யா. இருக்கட்டும்" என்றாள் வேலுத்தாய். "எண்ணிக்கிட்டு இருக்கா. பொழுது போகும்ல."

"போடி" என்றார் குருவம்மாள்.

பலன் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் அந்தக் கறுப்பை வெறும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களே எழுதுங்க" என்றார். 'நோயாளிக்குத் திருப்தி' என்று எழுதினேன். அந்த முகத்துக்குப் பொறுப்பான நர்ஸுக்குத் திருப்தியா என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமில்லை.

புறப்படும்போது மகளை முன்னால் போகச் சொல்லிவிட்டுக் குருவம்மாள் என் அருகில் நின்றார். என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க ஆரு கூட இருக்கீக, தாயி?"

"தனியாத்தான்."

"ஒடம்புக்கு வந்தா?"

"மாத்திரை இருக்கும்."

"அது சரி. எந்திரிச்ச பொறகு தலைக்குத் தண்ணி ஊத்த ஆளு?"

"நானே ஊத்திக்கிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. "தானே ஊத்துனா அது குளிக்கிறது, தாயி" என்றார்.

சந்தில் பருத்தி வண்டி ஒன்று வழியை அடைத்திருந்தது. அது நகரும்வரை இருவரும் நின்று, பிறகு போனார்கள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.